கழிவு மீத்தேன்: ஐரோப்பாவில் 26 சதவீதம், இந்தியாவில் 14 சதவீதம் என்றால் என்ன பொருள்?

கேள்வி இதுதான்: ஐரோப்பிய ஒன்றியத்தில் மனிதச் செயல்பாடுகளால் வெளியாகும் மீத்தேனில் 26 சதவீதம் கழிவிலிருந்து வருகிறது; இந்தியாவில் அந்தப் பங்கு 14 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது; அப்படியானால் குப்பையைக் கையாள்வதில் இந்தியா ஐரோப்பாவைவிட மேலான நிலையில் இருக்கிறதா? இல்லை என்பதுதான் நேரான விடை. அதே வேளையில், இந்தியா கீழான நிலையில் இருக்கிறது என்பதையும் இந்த இரண்டு எண்களைக் கொண்டு நிறுவ முடியாது. சதவீதம் என்பது வகுத்துக் கிடைக்கும் எண். மேலே நிற்பது குப்பையும் கழிவுநீரும் தரும் மீத்தேன். கீழே நிற்பது மாடு, வயல், நிலக்கரிச் சுரங்கம், எரிவாயுக் குழாய் எல்லாம் சேர்ந்த மொத்த மீத்தேன். வட்டாரங்களுக்கிடையே பெரிதும் மாறுபடுவது பெரும்பாலும் கீழே நிற்கும் எண்தான் என்பதால், பங்கை மட்டும் ஒப்பிடும்போது நாம் குப்பையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மாடுகளையும் சுரங்கங்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

முதலில் எண்களை வரிசையாகப் பார்த்துவிடலாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2021இல் வெளியிட்ட உலக மீத்தேன் மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்பாடுகளால் வெளியாகும் மீத்தேனில் வேளாண்மைக்குச் சுமார் 40 சதவீதம், புதைபடிவ எரிபொருள்களுக்கு 35 சதவீதம், கழிவுக்கு 20 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் வெளியிட்ட மீத்தேன் உத்தியில் வேளாண்மை 53, கழிவு 26, எரிசக்தி 19 என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் குப்பைக் கிடங்குகள் மட்டும் 17 சதவீதம். கழிவுநீரையும் சேர்த்தால் 20 சதவீதத்தை ஒட்டி வரும். சீனா தன் 2014ஆம் ஆண்டுக் கணக்கில் கழிவின் பங்கை 11.9 சதவீதம் என்று காட்டியது. இந்தியா ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மூன்றாவது ஈராண்டு அறிக்கையில், 2016ஆம் ஆண்டுக்கு வேளாண்மை 73.96, கழிவு 14.46, எரிசக்தி 10.62, தொழில் செயல்முறைகள் 0.96 என்று பகுத்திருக்கிறது. நியூசிலாந்தில் கழிவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்; அங்கே மீத்தேன் என்றாலே கால்நடை என்றுதான் பொருள்.

இந்தப் பட்டியலை அப்படியே தரவரிசையாகப் படித்தால் சீனாவும் நியூசிலாந்தும் முன்னணியில் நிற்கும், ஐரோப்பா கடைசியில் நிற்கும். உரக்குப்பைக்கும் உணவுக்கழிவுக்கும் தனித் தொட்டி வைத்து, குப்பையை அப்படியே புதைப்பதைச் சட்டம் போட்டுக் குறைத்துவரும் கண்டம் கடைசி இடத்தில் நிற்பதே, இந்தத் தரவரிசையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதைக் காட்டப் போதுமானது.

கோளாறு வகுக்கும் எண்ணில், அதாவது கீழே நிற்கும் எண்ணில் இருக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் பசுக்களும் எருமைகளும் சேர்ந்து 30 கோடியைத் தாண்டின. ஒவ்வொரு மாடும் அசைபோடும்போது மீத்தேனை வெளியேற்றுகிறது. நீர் தேங்கிய நெல்வயல்களும் தம் பங்குக்குச் சேர்க்கின்றன. இவ்வளவு பெரிய வேளாண் மீத்தேன் கீழே உட்கார்ந்திருக்கும்போது, மேலே குப்பை எவ்வளவு இருந்தாலும் பங்கு சிறிதாகவே தெரியும். சீனாவில் அதே வேலையை நிலக்கரிச் சுரங்கங்கள் செய்கின்றன. அந்நாட்டின் 2014ஆம் ஆண்டு மீத்தேனில் 44.8 சதவீதம் எரிசக்தித் துறையிலிருந்து வந்தது, அதில் பெரும்பகுதி நிலக்கரி வெட்டும்போது கசிவது.

ஐரோப்பாவின் கதை இதற்கு நேர்மாறு. மேற்கு ஐரோப்பாவில் ஆழ்சுரங்க நிலக்கரித் தொழில் பெருமளவு ஓய்ந்துவிட்டது. எரிவாயுவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. ரஷ்யாவிலோ அல்ஜீரியாவிலோ கிணற்றடியிலும் குழாய்த்தடத்திலும் கசிகின்ற மீத்தேன் அந்தந்த நாட்டின் கணக்கில்தான் ஏறுமே தவிர, அந்த வாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கிக்கொள்ளும் ஐரோப்பியக் குடும்பத்தின் கணக்கில் ஏறாது. இவ்வாறு கீழ் எண் சுருங்கிவிடுவதால் குப்பையின் பங்கு வீங்கித் தெரிகிறது. இறக்குமதி எரிபொருளோடு வரும் கசிவையும் கவனத்தில் கொள்ளும் ஒழுங்குமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல்தான் இயற்றியது. அதுவும் வாங்குபவர்மீது விதிக்கும் நிபந்தனையே, நாட்டுக் கணக்கை மாற்றி எழுதும் ஏற்பாடு அன்று.

எனவே ஒப்பிட விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது சதவீதத்தை டன்னாக மாற்றுவது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாடுகள் மீத்தேனைப் பெரும்பாலும் 'கரியமில வாயுவுக்குச் சமமான டன்' என்ற அலகில் அறிவிக்கின்றன, அதற்குப் பயன்படுத்தும் பெருக்கெண் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியா 2016ஆம் ஆண்டுக்கான கணக்கில் ஒரு டன் மீத்தேனை 21 டன் கரியமில வாயுவுக்குச் சமமாக வைத்தது. அமெரிக்கா 2022ஆம் ஆண்டுக்கு 28 என்று வைத்தது. இருபது ஆண்டு காலத்தை மட்டும் கருதினால் அதே பெருக்கெண் 80ஐத் தாண்டிவிடும். மீத்தேனுக்குள் கழிவின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை இது பாதிக்காது, ஏனெனில் மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கப்படுகின்றன. ஆனால் இரு நாடுகளின் அளவுகளை அருகருகே வைத்தவுடன் பிழை புகுந்துவிடும்.

பெருக்கெண்ணை நீக்கிப் பார்த்தால் படம் முற்றிலும் மாறுகிறது. இந்தியாவின் 40.9 கோடி டன் சமமதிப்பை 21ஆல் வகுத்தால் 1.95 கோடி டன் மீத்தேன், அதில் 14.46 சதவீதம் சுமார் 28 லட்சம் டன். அன்றைய மக்கள்தொகைக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 2 கிலோவைச் சற்றே தாண்டும். சீனாவின் 2014ஆம் ஆண்டுக் கழிவு மீத்தேன் 65.6 லட்சம் டன். ஆளுக்கு ஏறத்தாழ 4.8 கிலோ. அமெரிக்காவின் குப்பைக் கிடங்குகள் 2022இல் வெளியிட்டது சுமார் 43 லட்சம் டன். கழிவுநீரையும் சேர்த்தால் 50 லட்சம் டன், அதாவது ஆளுக்கு 15 கிலோ. உலக அளவில் 2008 முதல் 2017 வரையான சராசரி ஆண்டுக்கு 6.5 கோடி டன் என்ற மதிப்பீட்டை எடுத்துக்கொண்டால் ஆளுக்குச் சுமார் 9 கிலோ வருகிறது. பங்கில் இந்தியாவைவிடக் குறைவாக இருந்த சீனா ஆள்வீதக் கணக்கில் இரு மடங்குக்கும் மேலே போய்விட்டது. பங்கில் இந்தியாவைச் சில புள்ளிகளே தாண்டியிருந்த அமெரிக்கா ஏழு மடங்கு உயரத்தில் நிற்கிறது. ஆண்டுகள் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆனாலும் ஏழு மடங்கு இடைவெளியை ஆறு ஆண்டு வேறுபாடு விளக்கிவிடாது.

அப்படியானால் ஆள்வீதக் கணக்கில் இந்தியா நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாமா? அதற்கு முன் ஒரு டன் குப்பை எவ்வாறு மீத்தேனாகிறது என்று பார்க்கவேண்டும். கேள்வியின் உண்மையான சாரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

மட்கக்கூடிய பொருள் காற்றோட்டமில்லாத இடத்தில் அழுகும்போதுதான் மீத்தேன் உருவாகிறது. காற்று படும் இடத்தில் அதே பொருள் அழுகினால் கரியமில வாயுவே வரும். நாடுகள் தம் கணக்கைப் போடுவதற்கு, ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2006இல் வகுத்த நெறிமுறையில், கிடங்கின் தன்மைக்கேற்ப ஒரு திருத்தக் காரணி தரப்பட்டுள்ளது. முறையாக அடுக்கி, அழுத்தி, மண்ணால் மூடிய கிடங்குக்கு 1. முறைப்படுத்தப்படாத, ஆனால் ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான குப்பைமேட்டுக்கு 0.8, ஐந்து மீட்டருக்கும் குறைவான ஆழமற்ற குவியலுக்கு 0.4. இந்த நெறிமுறையின் இயல்பு மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு டன் உணவுக்கழிவு முறையான கிடங்கில் புதைக்கப்படும்போது காலப்போக்கில் சுமார் 50 கிலோ மீத்தேனைத் தரும். ஆழமான குப்பைமேட்டில் 40 கிலோ. ஊரோரத்தில் சிதறலாகக் கொட்டினால் 20 கிலோ. காகிதத்தில் கார்பன் செறிவு அதிகம் என்பதால் ஒரு டன் காகிதம் முறையான கிடங்கில் 130 கிலோவுக்கு மேல் தரக்கூடும்.

இந்த எண்களிலிருந்து சங்கடமான ஒரு முடிவு வருகிறது. குப்பையை ஊர் முழுவதும் சிதறவிடும் நகரம், அதே குப்பையை ஒழுங்காக ஓரிடத்தில் ஆழமாகப் புதைத்துவிட்டு வாயுவைச் சேகரிக்காமல் விடும் நகரத்தைவிடக் குறைவான மீத்தேனையே வெளியிடும். சுகாதாரத்துக்கு நல்லதாக இருக்கும் முதல் படி, வாயுக் குழாய்கள் இல்லையெனில் காலநிலைக்குக் கேடாக முடிகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020–21 கணக்கில், இந்தியாவில் நாளொன்றுக்கு உருவாகும் 1.6 லட்சம் டன் நகரக் குப்பையில் சரிபாதி பதப்படுத்தப்பட்டதாகவும், 18 சதவீதம் கிடங்குகளில் கொட்டப்பட்டதாகவும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கணக்கே இல்லை என்றும் காட்டப்பட்டிருக்கிறது. கணக்கில் வராத அந்த மூன்றில் ஒரு பங்கு காலிமனையிலும் கால்வாயிலும் தெருமுனைத் தீயிலும் முடிகிறது. அது மீத்தேன் பட்டியலில் பெரிதாகத் தெரியாது. புகையாகவும் கொசுவாகவும் வெள்ளக் காலத்தில் அடைத்துக்கொண்ட வடிகாலாகவும் வேறு பட்டியல்களில் தெரியும்.

உலக வங்கி 2018இல் வெளியிட்ட மதிப்பீடு குப்பையின் அளவையும் உள்ளடக்கத்தையும் பற்றிச் சொல்வதும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. தெற்காசியாவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 0.52 கிலோ குப்பை, வட அமெரிக்காவில் 2.21 கிலோ. ஏழை நாடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் உணவும் இலைதழையும்; செல்வந்த நாடுகளில் அது மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் காகிதமும் அட்டையும் கால் பங்கு. நம் ஊர்களில் செய்தித்தாள் எடைக்குப் போய்விடுகிறது. தப்பிய அட்டைப்பெட்டியைக் குப்பை பொறுக்கி விற்கும் தொழிலாளர்கள் எடுத்துவிடுகிறார்கள். மீத்தேன் திறனில் மிகுந்த பொருளைக் கிடங்கு வாசலிலேயே தடுத்து நிறுத்துகின்ற இந்த உழைப்புக்கு எந்த நாட்டுக் கணக்கிலும் தனிப் பதிவு கிடையாது. இந்தியாவின் ஆள்வீத எண் தாழ்ந்திருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம். நகராட்சி நிர்வாகத்தின் திறமையைவிடப் பெரிய காரணம் என்றுகூட நான் சொல்வேன்.

அடுத்தது காலம். வட்டார ஒப்பீடுகளில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். மாடு இன்று தின்றது இன்றைக்கே மீத்தேனாகிறது, குப்பை அப்படியன்று. கிடங்கிலிருந்து இந்த ஆண்டு வெளிவருவது கடந்த பல ஆண்டுகளில் புதைத்ததன் மீதி. எவ்வளவு வேகமாக அழுகும் என்பது வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. மேற்சொன்ன நெறிமுறையின்படி, ஈரமான வெப்பமண்டலத்தில் உணவுக்கழிவு பாதியாகக் குறைய இரண்டு ஆண்டுகூட ஆகாது. வறண்ட வெப்பமண்டலத்தில் எட்டு ஆண்டாகும். ஈரமான மிதவெப்ப மண்டலத்தில் நான்கு ஆண்டு. காகிதத்துக்கு அங்கே பன்னிரண்டு ஆண்டு, மரத்துக்கு இருபதுக்கும் மேல். வெப்பமண்டலத்தில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் மழை என்பதே ஈரத்துக்கும் வறட்சிக்கும் நெறிமுறை போடும் எல்லைக்கோடு. இந்தக் கோட்டின்படி சென்னை ஈரமண்டலத்தில் விழுகிறது, தில்லி வறண்ட மண்டலத்தில் விழுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் புதைத்த உணவுக்கழிவில் சென்னையில் 2 சதவீதம்கூட மிஞ்சியிருக்காது. தில்லியில் 40 சதவீதத்துக்கு மேல் இன்னும் அழுகிக்கொண்டிருக்கும். ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது 'இந்தியாவின் பங்கு' என்ற ஒற்றை எண் எதை மறைக்கிறது என்பது விளங்கும்.

ஐரோப்பாவின் 26 சதவீதத்தையும் இந்தக் காலத் தாமதத்தோடு சேர்த்தே படிக்கவேண்டும். 1999இல் அங்கே இயற்றப்பட்ட குப்பைக் கிடங்கு ஆணை, மட்கும் நகரக் குப்பையைப் புதைக்கும் அளவை 1995இல் இருந்ததில் 35 சதவீதமாகப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. ஜெர்மனி 2005 ஜூன் முதல், பதப்படுத்தாத வீட்டுக் குப்பையைப் புதைப்பதையே நிறுத்திவிட்டது. அப்படியிருந்தும் 2004இல் அங்கே புதைக்கப்பட்ட காகிதத்தின் சிதையும் கார்பனில் ஏறத்தாழ 30 சதவீதம் இருபது ஆண்டு கழித்தும் எஞ்சியிருக்கும் என்றே கணக்குச் சொல்கிறது. ஆக, ஐரோப்பாவின் இன்றைய எண் பெருமளவு முந்தைய தலைமுறையின் பழக்கத்தைக் காட்டுகிறது. பிரிட்டன் 1996இல் டன்னுக்கு 7 பவுண்டு என்று கிடங்கு வரியைத் தொடங்கி, இன்று 100 பவுண்டுக்கு மேல் உயர்த்தியிருக்கிறது; அங்கே கழிவுத் துறையின் உமிழ்வு 1990ஆம் ஆண்டு நிலையிலிருந்து ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்துவிட்டது. ஒருபுறம் வரியால் வரத்துக் குறைந்தது, மறுபுறம் பழைய கிடங்குகளில் குழாய் பதித்து வாயுவை உறிஞ்சி மின்சாரம் எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த வேகம்.

இனிக் கழிவுநீர். 'கழிவு' என்ற தலைப்பின்கீழ் குப்பையும் சாக்கடையும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. அமெரிக்காவில் இந்தத் தலைப்பில் வரும் மீத்தேனில் பெரும்பகுதி குப்பைக் கிடங்கினுடையது. கழிவுநீரின் பங்கு நாட்டின் மொத்த மீத்தேனில் 3 சதவீத அளவுதான். இந்தியாவில் நிலைமை தலைகீழ்: கழிவுத் துறை உமிழ்வின் பெரும்பகுதி வீட்டுக் கழிவுநீரும் ஆலைக் கழிவுநீரும் தருவது. ஆகவே அமெரிக்காவின் 20 சதவீதத்தையும் இந்தியாவின் 14 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர், பெயரளவில் ஒன்றான இரு வேறு பொருள்களை ஒப்பிடுகிறார்.

இந்தியக் கழிவுநீர் இவ்வளவு மீத்தேன் தருவதற்குக் காரணம் செப்டிக் டேங்க்தான் என்று சட்டெனச் சொல்லிவிடலாம். அது பெருமளவு சரியும்கூட. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகர வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பாதாளச் சாக்கடையோடு இணைந்திருந்தது. 38 சதவீத வீடுகள் செப்டிக் டேங்கை நம்பியிருந்தன. காற்றுப்படாத தொட்டியில் மலம் ஆண்டுக்கணக்கில் தங்குவது மீத்தேனுக்கு ஏற்ற சூழல். நெறிமுறை அதற்கு 0.5 என்ற காரணியைத் தருகிறது. குழிக் கழிப்பறைகளுக்கோ அது 0.1 முதல் 0.7 வரை மாறும். வறண்ட மண்ணில் ஒரு குடும்பம் மட்டும் பயன்படுத்தும் குழிக்கு 0.1, நிலத்தடி நீர் குழியின் மட்டத்துக்கு மேலே நிற்கும் இடத்தில் 0.7. 2014க்குப் பின் தூய்மை இந்தியா இயக்கத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டன. ஊரகத்தில் பரிந்துரைக்கப்பட்டது இரட்டைக் குழி முறை. அதே இரட்டைக் குழி ராயலசீமையில் மிகக் குறைவான மீத்தேனையும், கிணற்று நீர் கைக்கு எட்டும் குட்டநாட்டிலோ கடலோர நாகப்பட்டினத்திலோ பலமடங்கு மீத்தேனையும் தரக்கூடும். சாக்கடைநீரை அப்படியே ஆற்றில் விட்டால் காரணி வெறும் 0.1தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். ஆற்றைக் கொல்லும் வழி மீத்தேன் ஏட்டில் சிக்கனமாகத் தெரிகிறது. குப்பையில் கண்ட அதே முரண் இங்கேயும் வருகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஏட்டுக் கணக்கு: எவ்வளவு கொட்டினோம் என்பதைக் காரணிகளால் பெருக்கிக் கிடைப்பவை. வானத்திலிருந்து அளந்து பார்த்தபோது என்ன தெரிந்தது என்பது வேறு. 2022இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான ஆய்வு, புவனஸ் அயர்ஸ், தில்லி, லாகூர், மும்பை ஆகிய நான்கு நகரங்களைச் செயற்கைக்கோள்களால் கவனித்தது. நகர அளவிலான மீத்தேன், வழக்கமாகப் பயன்படுத்தப்படும் உமிழ்வுப் பட்டியல்கள் சொல்வதைப்போல் 1.4 முதல் 2.6 மடங்கு வரை இருந்தது. தனித்தனிக் கிடங்குகள் மணிக்கு 3 டன் முதல் 29 டன் வரை வெளியிட்டன; நகரத்தின் மொத்த மீத்தேனில் அவற்றின் பங்கு 6 முதல் 50 சதவீதம் வரை மாறுபட்டது. நகரத்துக்கு நகரம் பங்கு எட்டு மடங்கு மாறும் என்றால், நாட்டுச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு மாநகராட்சி எந்த முடிவுக்கும் வர முடியாது.

குறைத்துச் சொல்வது ஏழை நாடுகளின் வழக்கம் மட்டும் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். 2024 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்ட கிடங்குகளின்மேல் விமானத்தைப் பறக்கவிட்டு அளந்தார்கள். கிடங்குகள் அரசுக்கு அறிவித்திருந்ததைப்போல் சராசரியாக 1.4 மடங்கு மீத்தேன் வெளிவந்துகொண்டிருந்தது. பாதிக்கும் மேற்பட்ட கிடங்குகளில் தெளிவான கசிவுப் புள்ளிகள் தென்பட்டன. கிடங்கு வாயுவை எடுத்துப் பயன்படுத்தும் 500க்கும் மேற்பட்ட திட்டங்கள் இயங்கும் நாடு அது. குழாய் போட்டிருப்பதும் குழாய் வழியே வாயு உண்மையில் போவதும் ஒன்றல்ல. மூடுமண்ணில் விரிசல் விட்டாலோ, கசிவுநீர் குழாயை நிரப்பினாலோ, உறிஞ்சும் திறன் ஏட்டில்தான் இருக்கும்.

வானிலிருந்து அளப்பதற்கும் எல்லை உண்டு. சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மேலேயே வளர்ந்தது. சதுப்புநிலம் தானே இயற்கையாக மீத்தேனை வெளியிடும். கழிவுநீர் கலந்த சதுப்புநிலம் இன்னும் கூடுதலாக வெளியிடும். அகலப் பார்வை கொண்ட செயற்கைக்கோள் அங்கே காணும் மீத்தேனில் எது மேட்டினுடையது, எது நீர்ப்பரப்பினுடையது, எது பக்கத்துச் சாக்கடையினுடையது என்று பிரிப்பது எளிதன்று. கூர்மையான பார்வை கொண்ட கருவியோ தரையளவீடோ இல்லாமல், அந்த மீத்தேனை முழுக்கக் குப்பையின் தலையில் கட்டுவது முறையாகாது.

எதிர்காலத்தில் இந்தப் பங்குகள் எப்படி நகரும் என்பதையும் கேட்பவர்கள் உண்டு. உலக வங்கியின் அதே மதிப்பீட்டில், 2016இல் 201 கோடி டன்னாக இருந்த உலக நகரக் குப்பை 2050இல் 340 கோடி டன்னாகும். மிக வேகமான வளர்ச்சி தெற்காசியாவிலும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் இருக்கும். அங்கே இன்று பெரும்பகுதி திறந்தவெளியில் கொட்டப்படுகிறது. சேகரிப்பு மேம்பட்டு, குப்பை ஆழமான கிடங்குகளுக்குப் போகத் தொடங்கும்போது, டன்னுக்கு 20 கிலோ என்பது 40, 50 என்று ஏறும். அப்போது பங்கு உயர்வதைப் பார்த்து நிர்வாகம் சீரழிந்துவிட்டது என்று முடிவு கட்டினால் தவறாகும். எதிர்ப்பக்கத்தில், சீனா தன் சுரங்கக் கசிவைப் பெருமளவு அடைத்துவிட்டால், ஒரு கிலோ குப்பை கூடாமலேயே அங்கே கழிவின் பங்கு உயர்ந்துவிடும்.

ஆழமான கிடங்கு என்ற கட்டத்தின் வழியே போகாமலே மீத்தேனைத் தவிர்க்க வழிகள் இருப்பதைச் சில நாடுகள் காட்டியிருக்கின்றன. ஜப்பான் நகரக் குப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எரிக்கிறது. அதோடு, 1970களில் ஃபுகுவோகாவில் உருவான அரைக்காற்றோட்ட முறையில், கிடங்கின் அடியில் பதித்த அகலக் குழாய்கள் கசிவுநீரை வெளியேற்றும்போதே காற்றை உள்ளே இழுக்கின்றன. எந்திர விசிறி தேவையில்லை, நெறிமுறையும் இதற்கு 1க்குப் பதிலாக 0.5 என்ற காரணியைத் தருகிறது. பணம் குறைந்த, மழை மிகுந்த ஊர்களுக்கு இது அதிகம் பேசப்படாத நல்ல தேர்வு என்பது என் எண்ணம். தென்கொரியா 2005இல் உணவுக்கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடைசெய்து, 2013 முதல் எடைக்கேற்பக் கட்டணம் வசூலிக்கிறது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட, நாளுக்கு 550 டன் ஈரக்குப்பையை ஏற்கும் உயிரிவாயு ஆலை, வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்கும் பழக்கம் முன்பே ஊன்றியிருந்ததால்தான் சாத்தியமானது. பிரிக்காத குப்பையை ஊட்டினால் இத்தகைய ஆலைகள் சில மாதங்களில் நின்றுவிடும்.

தமிழக நகரங்களில் இப்போது பெரும் செலவில் நடந்துவரும் பயோமைனிங் பணிகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்பதற்கு நிலம், நிலத்தடி நீர், தீ ஆபத்து ஆகிய வலுவான காரணங்கள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பிடித்த தீ அதை எல்லோருக்கும் காட்டியது. ஆனால் அதை மீத்தேன் குறைப்பாகக் கணக்குக் காட்டும்போது கவனம் தேவை. சென்னையின் ஈரத்திலும் வெப்பத்திலும் பதினைந்து ஆண்டுப் பழைய மேட்டில் உணவுக்கழிவு தந்திருக்கக்கூடிய மீத்தேன் ஏறக்குறைய முழுவதும் ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்டது. எஞ்சியிருப்பது மரமும் துணியும் தரும் மெல்லிய கசிவு. இந்த மாதம் லாரியில் வந்து இறங்கும் ஈரக்குப்பைதான் அடுத்த நான்கைந்து ஆண்டுகளின் மீத்தேன். தில்லியின் காஜிப்பூர்க் குப்பைமேட்டில் இதே கணக்கு வேறுவிதமாக வரும். அங்கே பழைய அடுக்குகளிலும் தோண்டி எடுப்பதற்கு உரிய கார்பன் இன்னும் இருக்கிறது.